வலப்பக்கம் திரும்பிய ஆணிகள்

சென்ற வியாழக்கிழமை காலை பட்டறைக்கு டீ வந்த நேரம். ஆவடி தேவாலயத்துக் காவலாளி சைக்கிளை வாசல் கேட் ஓரமாகச் சாய்த்துவிட்டு நேராக என் மேசைக்கு வந்தார். “பியானோ ஐயா பூட்டாரு அண்ணே. காத்தால அம்மா எழுப்பப் போயிருக்காங்க, எழுந்துக்கல” என்றார். எங்கள் முனுசாமி லேத்தை நிறுத்தினான். பிறகு அவனே நடந்துபோய் கிரைண்டரையும் நிறுத்தினான். யாரும் அவனிடம் நிறுத்தச் சொல்லவில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்த நாளிலிருந்து, மின்வெட்டு நேரம் தவிர, பகலில் அந்த இடம் அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

திரு. எபநேசர் அவர்களைப் பற்றிச் சபைப் பத்திரிகைக்கு எழுதித் தரும்படி போதகர் என்னைக் கேட்டுக்கொண்டார். நான் சபையைச் சேர்ந்தவன் அல்லன்; கிருத்திகைக்குக் கிருத்திகை முருகன் கோயிலுக்குப் போகிறவன். சங்கீதமும் சுத்தமாக வராது. வீட்டில் நான் ஒரு வரி முணுமுணுத்தால் பிள்ளைகள் ரேடியோவைத் திருகி வைப்பார்கள். இதையெல்லாம் போதகரிடம் சொன்னேன். “அவர் கடைசி காலத்தில் அதிகமாகப் பேசியது உங்களிடம்தான்” என்றார். அதனால் எழுதுகிறேன்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எபநேசர் ஐயா பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவர். மவுண்ட் ரோட்டில் பியானோ விற்கும் ஒரு பெரிய கடையில் இளவயதில் சேர்ந்து, ஐம்பத்தெட்டு முடிந்ததும் ஓய்வு பெற்றார். சால்வை போர்த்தி, சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கொடுத்து, படம் பிடித்து அனுப்பிவைத்தார்கள். அந்த மழைக்காலம் முடிவதற்குள் பூந்தமல்லிப் பக்கத்துக் கன்னியர் மடத்துச் சகோதரி ஒருவர் ஆட்டோ பிடித்து மேனாம்பேட்டில் இவர் வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டார். மடத்துப் பள்ளிக்கூடத்துப் பியானோ ஈரம் குடித்து உப்பிப்போய்க் கட்டைகள் அழுந்தவில்லை. ஐயா சட்டையை மாட்டிக்கொண்டு அதே ஆட்டோவில் ஏறிப் போனார். “கடைக்காரங்கதான் ஓய்வு குடுத்தாங்க நைனா. பியானோவுக்கு யாரும் தகவல் சொல்லல” என்பார்.

அப்படித் தொடங்கியதுதான். ஆவடி தேவாலயம், பூந்தமல்லி மடம், பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில் ஒரு மலையாளி அதிகாரி வீடு, முகப்பேர் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் ஒரு வீடு என்று அவருக்கு ஊர்சுற்றல் இருந்தது. முகப்பேர் வீட்டில் பியானோவைப் படிக்கட்டு வழியாக ஏற்ற முடியாமல், பால்கனிக் கம்பியை அறுத்து, கயிறு கட்டி இழுத்தார்களாம். தெருவே கூடி நின்று யோசனை சொல்லியதாம். “அன்னிக்கு யோசனை சொன்னவங்கள்ல பாதிப் பேர் கயித்தைப் பிடிச்சிருந்தா, அது மொட்டை மாடிக்கே போயிருக்கும்” என்று சொல்லிச் சிரிப்பார். மழைக்காலத்தில் பியானோவுக்குள்ளே ஒரு சிறிய பல்பை இரவும் பகலும் எரியவிடச் சொல்வார், உள்ளே ஈரம் ஏறாமல் காய்ந்திருப்பதற்காக. மடத்தில் யாரோ ஒரு சிக்கனக்காரர் அதை அணைத்து அணைத்து வைப்பார். ஐயா போய்ப் போய்ப் போட்டுவிட்டு வருவார்.

என் பட்டறைக்கு அவர் முதலில் வந்தது எண்பதுகளின் நடுவில். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் ஒரு தோல் பை. கைக்குட்டையைப் பிரித்து என் மேசைமேல் ஓர் இரும்பு ஆணியை வைத்தார். ஒரு முனை சதுரம், மறுமுனையில் மிக நுண்ணிய திருகு மரை. முனுசாமி எட்டிப் பார்த்து, “இன்னாது அண்ணாத்தே, டேங்க் சாமானா?” என்றான். ராணுவ டேங்க் செய்யும் ஆவடிப் பக்கத்தில் தெரியாத இரும்பு எது கண்ணில் பட்டாலும் எங்களுக்கு அந்த நினைப்புதான் வரும்.

“பியானோ சாமான்” என்றார் ஐயா. “இதே மாதிரி வேணும். ஆனா ஒரு தலைமுடி கனம் கூட.”

எத்தனை என்று கேட்டேன். இருநூறுக்கு மேல் என்றார். பியானோவில் ஒவ்வொரு கம்பியும் ஓர் ஆணியில் சுற்றப்பட்டிருக்கிறது. ஆணி ஒரு மரக்கட்டையில் இறுக்கமாக நிற்கிறது. அதைச் சாவி போட்டு வலப்பக்கம் திருகினால் கம்பி இறுகிச் சுருதி ஏறும். இடப்பக்கம் திருகினால் இறங்கும். தேவாலயத்துப் பியானோவில் மரம் பழசாகி ஓட்டைகள் பெரிதாகிவிட்டன. அவர் சேர்த்துவிட்டு வருகிற சுருதி அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைகூட நிற்பதில்லை. ஆணிகள் சீமையிலிருந்து வர வேண்டும் என்றும், அவை வருவதற்குள் இரண்டு கிறிஸ்துமஸ் போய்விடும் என்றும் சொன்னார். மரத்தைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. “பாவம், எத்தினி வருஷமா பல்லைக் கடிச்சிகினு நின்னுகினு கீது. அதுக்கும் வயசாவுது இல்ல” என்றார்.

நான் செய்துகொடுத்த முதல் தவணை தோற்றுப்போனது. இரும்பு மிருது, சாவியைப் போட்டதும் சதுரம் மழுங்கிவிட்டது. ஐயா கோபித்துக்கொள்ளவில்லை. ஓர் ஆணியை எடுத்து என் கையில் வைத்து, “வெண்ணெய் நல்லாத்தான் கீது செல்வம். எனக்கு முறுக்கு வேணும்” என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நல்ல உருக்கு வாங்கி, பதம் போட்டு, மரை வெட்டி, ஒன்றுக்கு மூன்று முறை அளந்து செய்தேன். அவற்றை மாட்டும் நாளில் நானும் ஆவடிக்குப் போயிருந்தேன்.

அவர் வேலை செய்வதை அன்றுதான் பார்த்தேன். பக்கத்துக் கம்பிகளில் கம்பளித் துண்டைச் செருகி அடக்கிவிட்டு, ஒரு கட்டையைத் தட்டுவார், சாவியை அசைத்தாரா இல்லையா என்று தெரியாத அளவுக்கு அசைப்பார், மறுபடி தட்டுவார். எனக்கு எல்லாத் தட்டும் ஒரே தட்டாகக் கேட்டது. என்ன கவனிக்கிறீர்கள் என்று கேட்டேன். “ரெண்டு கம்பி சேரலைன்னா உள்ளுக்குள்ள முணுமுணுத்துக்கினே இருக்கும், புருஷன் பொண்டாட்டி மாதிரி. முணுமுணுப்பு எங்க நிக்குதோ அதான் இடம்” என்றார். பக்கத்தில் நின்றிருந்த கிரேஸ் அம்மா, “எங்க வீட்ல நிக்கவே இல்லயே” என்றார்.

கிரேஸ் அம்மா ஐயாவின் மனைவி. அந்தத் தேவாலயத்தில் ஞாயிறுதோறும் பியானோ வாசித்தவர். பெரம்பூரில் அவருடைய பிறந்த வீட்டுப் பியானோவுக்குச் சுருதி சேர்க்க வந்த இளைஞர்தான் ஐயா. வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டதாம். ஆனாலும் இன்னும் சரியாகவில்லை என்று சொல்லி மூன்று வாரம் வந்தாராம். பிள்ளைகள் இல்லை. அவர் சேர்த்துவைப்பார், இவர் வாசிப்பார் என்பதாகவே அவர்கள் வாழ்க்கை இருந்தது.

அதன்பிறகு ஐயா வாரத்தில் இரண்டு, மூன்று மதியங்கள் எங்கள் பட்டறைக்கு வரத் தொடங்கினார். டிபன் டப்பாவைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, லேத்துக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து எங்களோடு பேசிக்கொண்டிருப்பார். அவ்வளவு நுட்பமான காது உள்ளவர் இந்த இரைச்சலில் எப்படி உட்காருகிறார் என்று எனக்குப் புரியவே இல்லை. முனுசாமி ஒருநாள், “ஐயா, காதாலயே கேட்டு எந்த பேரிங் போச்சுன்னு சொல்லுங்க பாக்கலாம்” என்றான். “எனக்கு இன்னா தெரியும்? எல்லாம் போன மாதிரிதான் கேக்குது” என்றார். முனுசாமிக்கு ஏமாற்றம். எங்கள் பட்டறையில் யாரும் சாதாரணமாகப் பேசுவதில்லை. உப்பு வேண்டுமென்றாலும் ஊருக்கே கேட்கிற மாதிரிதான் கேட்போம். ஐயாவும் அப்படியே பேசிச் சிரித்துக்கொண்டு, சாயங்காலம் பஸ்ஸுக்குப் போவார். அவரைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

தொண்ணூறுகள் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் ஸ்டூலில் உட்கார்ந்ததும், “உன் ஆணி நிக்கலயே செல்வம்” என்றார். பாடகர் குழுவினர் குறை சொல்கிறார்களாம். பியானோவின் வலது கோடியில் இருக்கும் உச்சிக் கட்டைகள் கீச்சென்று தனியாகப் போகின்றனவாம். “நான் சரியாத்தான் வெச்சிட்டு வரேன். ஆணி வழுக்கிப் போவுது” என்றார். எனக்குச் சுருக்கென்றது. யார் என்ன சொன்னாலும் பொறுத்துக்கொள்வேன். என் மரையைச் சொன்னால் பொறுக்க மாட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நட்டை இறுக்கியதும் அதன்மேல் ஒரு சிவப்புப் பெயின்ட் பொட்டு வைப்போம். பிறகு பார்க்கும்போது பொட்டு நகர்ந்திருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்த முறை நானும் கூடப் போயிருந்தேன். ஐயா சுருதி சேர்த்து முடித்து, கை கழுவப் போன நேரத்தில், உச்சிக் கட்டைகளின் ஆணித் தலைகளில் நேர் மேலே, கடிகாரத்தில் பன்னிரண்டு இருக்கும் இடத்தில், குச்சியால் ஆணிக்கு ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நடுவில் சில ஆணிகளுக்கும் வைத்தேன். என் ஆணி வழுக்கினால் பொட்டு இடப்பக்கம் சாயும். சாயவில்லை என்றால் அவரைக் கூட்டிவந்து காட்டி, அவர் செலவில் ஒரு காபி குடிப்பது என்று இருந்தேன்.

சில மாதங்கள் போயின. நடுவில் ஐயா இரண்டு முறை அங்கே போய்ச் சுருதி சேர்த்துவிட்டு வந்திருந்தார். தேவாலயத்து இரும்புக் கேட்டுக்குக் கீல் மாற்றும் வேலையாகப் போனபோது எனக்குப் பொட்டுகள் நினைவுக்கு வந்தன. பியானோவின் மேல்மூடியைத் தூக்கிப் பார்த்தேன். நடுவில் வைத்த பொட்டுகள் நேராக நின்றன. வலது கோடியில் இருந்தவை எல்லாம் வரிசையாக வலப்பக்கம் சாய்ந்திருந்தன.

முதலில் எனக்கு மகிழ்ச்சிதான். என் ஆணி வழுக்கவில்லை. அந்த மகிழ்ச்சி மூடியைக் கீழே வைப்பதற்குள் போய்விட்டது. ஆணி தளர்ந்தால் இடப்பக்கம்தான் திரும்பும். தளர்ந்ததை அவர் மறுபடி இழுத்திருந்தால், பொட்டு பழைய இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். இவை தாண்டிப் போயிருந்தன. எந்த ஆணியும் தானாக வலப்பக்கம் திரும்பாது. அதற்கு ஒரு கை வேண்டும், சாவி வேண்டும். நல்ல இடத்தில் இருந்த கம்பியை அவர்தான் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இழுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

“உங்களுக்கும் தெரிஞ்சிடுச்சா தம்பி?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கிரேஸ் அம்மா பாட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தார்.

அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. வீட்டில் குக்கர் விசில் ஐயாவுக்குக் கேட்பதில்லை. வாசல் மணி கேட்பதில்லை. குருவிச் சத்தம் எப்போதோ போய்விட்டது. “மெதுவா யாராவது பேசினா தலைய ஆட்டிக்குவாங்க. என்ன சொன்னாங்கன்னு அப்புறம் எங்கிட்ட கேப்பாங்க. மேல் கட்டைங்க கேக்காததால, இன்னும் ஏத்தணும், இன்னும் ஏத்தணும்னு தேடிப் போறாங்க” என்றார். நீங்கள் சொல்லக் கூடாதா என்றேன். “நாப்பது வருஷமா அந்தக் காதை நம்பித்தான் நான் வாசிக்கிறேன். நானே எப்படி தம்பி சொல்லுவேன்? மேல போகாம நடுவுலயே வாசிச்சிட்டு வரேன்” என்றார். பிறகு, “உங்க பட்டறைக்கு வரதுல அவங்களுக்கு ஒரு நிம்மதி. அங்கதான் எல்லாரும் கத்திப் பேசுறீங்க. அங்க அவங்களுக்கு எல்லாம் கேக்குது” என்றார்.

இரைச்சலில் அவர் எப்படி உட்காருகிறார் என்ற என் பழைய கேள்விக்கு அப்படிப் பதில் கிடைத்தது. கேட்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

என்ன செய்வது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. போதகருக்கும் தெரிந்திருந்தது, அவரும் ஈரத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தார். கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தேன். அடுத்த முறை ஐயா வந்தபோது, “ஆமாங்க ஐயா, ஆணிலதான் கோளாறு. மேலே இருக்கிறதுக்கு மட்டும் புதுசா செஞ்சு தரேன்” என்று கத்தினேன். அவர் முகம் மலர்ந்தது. “நான் சொல்லல?” என்று முனுசாமியைப் பார்த்துக் கேட்டார். நல்ல ஆணிகளைக் கழற்றிவிட்டு மாட்டுவதற்காக, தேவையே இல்லாத ஆணிகளை நான் செய்தேன். ஆணியை மாற்றினால் காது மாறுமா என்று லேத் ஓடும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

மாட்டுகிற நாளில் மூவரும் தேவாலயத்தில் இருந்தோம். மற்ற நாட்களில் ஐயா ஆணிகளைக் கண்ணால் பார்ப்பதில்லை. கை தானாகச் சாவியைப் பொருத்திவிடும். அன்று கழற்ற வேண்டும் என்பதற்காக டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு பொட்டைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு நடுவில் இருந்தவற்றைப் பார்த்தார். மறுபடி வலது கோடிக்கு வந்தார்.

“இது இன்னா செல்வம், உங்க பட்டறைப் பொட்டா?” என்றார்.

ஆமாம் என்று தலையசைத்தேன். எப்போது வைத்தாய் என்றார். சொன்னேன். டார்ச்சை அணைத்துவிட்டு, “ஆணி தளர்ந்தா எந்தப் பக்கம் திரும்பும்?” என்று கேட்டார்.

“இடப்பக்கம் ஐயா” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். அதை வேறு எப்படிச் சொல்வது? அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டு, “இன்னா?” என்றார். மறுபடி சொன்னேன். அப்போதும் கேட்கவில்லை. அங்கே லேத் இல்லை, கிரைண்டர் இல்லை, கத்திப் பேசுவதற்கு ஒரு சாக்கும் இல்லை. ஆள் இல்லாத அந்தப் பெரிய மண்டபத்தில் நான் தொண்டையைத் திறந்து, “இடப்பக்கம் ஐயா” என்று கத்தினேன். அந்தச் சொல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. கிரேஸ் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் வாழ்நாளில் நான் பேசிய பேச்சுகளில் அதைப்போல என்னைச் சுட்ட பேச்சு வேறில்லை.

ஐயா பியானோ ஸ்டூலில் உட்கார்ந்தார். வலது கோடிக் கட்டையைத் தட்டினார். அடுத்ததைத் தட்டினார். அப்படியே தட்டிக்கொண்டு இடப்பக்கமாக வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். “இங்கேருந்துதான் கேக்குது” என்றார். “அதுக்கு மேல மரத்தை மரம் தட்டுற சத்தம்தான். எனக்குத் தெரியும் செல்வம். தெரியும்னு தெரியக் கூடாதுன்னு இருந்தேன்.”

கிரேஸ் அம்மா வந்து பக்கத்தில் நின்று, நான் கேட்டுச் சொல்கிறேன், நீங்கள் திருகுங்கள் என்று சைகை காட்டினார். புது ஆணிகளைப் பொட்டலத்திலேயே விட்டுவிட்டு, அன்று மட்டும் அப்படிச் செய்தார்கள். அம்மா கையை மெல்ல இறக்குவார்; ஐயா இடப்பக்கம் சாவியைத் தளர்த்துவார்; அம்மா கையை மூடினால் நிறுத்துவார். சிவப்புப் பொட்டுகள் ஒவ்வொன்றாகப் பன்னிரண்டுக்குத் திரும்பி வந்து, அதையும் சற்றுத் தாண்டி நின்றன. முடித்ததும் சாவியைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “கண்ணு தெரியாதவனைக் கையப் பிடிச்சி ரோடு தாண்ட வைக்கிற மாதிரி கீது கிரேசு. ஒரு நாள் தாண்டலாம். தினம் தாண்ட முடியாது.”

புரசைவாக்கத்தில் ஒரு காது வைத்தியரிடம் கூட்டிப்போனோம். வயதால் வந்தது என்றும், இனி இறங்குமே தவிர ஏறாது என்றும் அவர் சொன்னார். சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் காது மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டோம். ஐயா அதை மாட்டிக்கொண்டு பியானோவைத் தட்டிவிட்டு, “தகர டப்பா” என்று கழற்றி வைத்துவிட்டார். எங்களால் ஆனது அவ்வளவுதான். இரும்பு தேய்ந்தால் புதிதாகக் கடையலாம். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

எல்லோரும் அவர் தொழிலை விட்டுவிடுவார் என்று நினைத்தோம். அவர் விடவில்லை. வேறொன்று செய்தார். போகிற இடத்திலெல்லாம் முதலில் உட்கார்ந்து கட்டைகளைத் தட்டிப் பார்த்து, “இதுவரைக்கும் எனக்குக் கேக்குது. இதுக்கு மேல நான் கை வெக்க மாட்டேன். வேற ஆளை வெச்சிக்கங்க” என்று சொல்லிவிட்டு, கேட்கிற பகுதியை மட்டும் சேர்த்துக் கொடுத்தார். மடத்தில் மேல்பகுதிக்கு நகரத்திலிருந்து ஓர் இளைஞரை வரவழைத்தார்கள். கீழ்ப்பகுதியை ஐயாவுக்கே விட்டுவைத்தார்கள். முகப்பேர் வீட்டில் நாசூக்காகக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். கேட்பதற்கும் கேட்காததற்கும் நடுவில் இருந்த அந்தக் கோடு நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் அது இடப்பக்கமாகக் கொஞ்சம் இறங்கி வந்தது. ஒரு வருடம் கேட்ட கட்டை மறுவருடம் கேட்காது. கிரேஸ் அம்மா பாட்டுகளைத் தாழ்த்தித் தாழ்த்தி வாசிக்கத் தொடங்கினார். பாடகர் குழுப் பெண்கள், இவ்வளவு கீழே எங்களால் பாட முடியவில்லை என்று முறையிட்டார்கள். “எனக்கு வயசாயிடுச்சு, கை மேல போவல” என்று அம்மா சமாளித்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குக் கேட்க வேண்டும் என்பதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும்.

ஒருநாள் மனம் பொறுக்காமல், “போதுமே ஐயா, நிறுத்திடலாமே” என்று அவர் காதருகே கத்தினேன். ஐயா கோபப்படவில்லை. “கேக்குற வரைக்கும் கேட்டுட்டுப் போறேன் நைனா. மிச்சம் இருக்கிறதை நானே ஏன் மூடணும்?” என்றார்.

கடந்த கிறிஸ்துமஸுக்கு முன்பு அவர் தேவாலயத்தில் கடைசியாக உட்கார்ந்தார். இடது கோடியில் இருந்த தடித்த கம்பிகள் மட்டுமே மீந்திருந்தன. ஒரு கட்டையை அழுத்திக்கொண்டு, இன்னொரு கையைப் பியானோவின் மரத்தில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, “கேக்குதா, இல்ல கைல தெரியுதான்னு புரியல செல்வம்” என்றார். அதன்பிறகு அவர் பியானோவைத் தொடவில்லை.

ஆனாலும் பட்டறைக்கு வருவதை நிறுத்தவில்லை. இந்த ஆண்டு எங்கள் கத்தலும் அவருக்கு எட்டவில்லை. முனுசாமி வாயைக் காதுக்கருகே கொண்டுபோய், “சாப்ட்டீங்களா ஐயா?” என்று அலறுவான். சில நாள் கேட்கும். சில நாள் சிரிப்பார். கேட்காத நாளில் லேத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எங்களில் யாருக்கும் அவருக்காகச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தோம்.

வெள்ளிக்கிழமை மாலை அடக்கம் நடந்தது. கிரேஸ் அம்மாவின் அண்ணன் மகன் ஒருவர் மின்சாரக் கீபோர்டில் வாசித்தார். கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் அதிகமில்லை. மடத்திலிருந்து இரண்டு சகோதரிகள், சபை மக்கள், எங்கள் பட்டறை ஆட்கள். பெட்டியை இறக்கினார்கள். போதகர் ஜெபம் செய்துகொண்டிருக்க, ஒவ்வொருவராகப் போய் ஒரு பிடி மண் போட்டோம்.

என் முறை வந்தது. மண்ணைப் போட்டேன். “போய்ட்டு வாங்க ஐயா” என்றேன். எனக்குள் சொல்லிக்கொள்வதாகத்தான் நினைத்தேன். அவரிடம் பேசிப் பழகிய குரல் அப்படியே வெளியே வந்துவிட்டது. போதகர் ஜெபத்தை நிறுத்தினார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கூசிப்போய், மன்னிப்புக் கேட்பதற்காகக் கிரேஸ் அம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க தம்பி” என்றார்.

சொன்னேன்.